நான்கு கதவு கூபே வாங்குவது கிறுக்குத்தனமா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

சாலைப்பித்தன்:

நண்பர்களே, இரண்டு மாதமாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும் விஷயம் இது, இங்கே கொட்டிவிடுகிறேன். இப்போது ஓட்டுவது பதினோரு வருடப் பழைய செடான். நல்ல வண்டி, குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் பார்க்கிங்கில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் எது என் வண்டி என்று நம்பர் பிளேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அப்படி ஒரு வண்டி. மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. வீட்டில் நான், மனைவி, பதினான்கு வயதிலேயே என்னைத் தாண்டி வளர்ந்துவிட்ட பையன், ஒன்பது வயது மகள், அப்புறம் முட்டிவலியோடு அம்மா. இந்தக் கணக்குக்கு இன்னொரு பெரிய செடானோ எஸ்யூவியோ எடுத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டியதுதான். அப்படித்தான் இருந்தேன்.

போன மாதம் ஒரு கட்டடத்தின் தரைக்கடி பார்க்கிங்கில் முதல் தலைமுறை மெர்சிடஸ் சிஎல்எஸ் ஒன்று நின்றிருந்தது. நான்கு கதவு கூபே என்கிறார்களே, செடான் மாதிரி நான்கு கதவு, கூபே மாதிரி தாழ்ந்து சாயும் கூரை, அந்த வகை. கருநீலம். பழையதுதான், முன் பம்பரில் கீறல்கூட இருந்தது. மேலே எரிந்த டியூப்லைட்டின் வெளிச்சம் அதன் பக்கவாட்டில் விழுந்து, முன்சக்கரத்துக்கு மேலிருந்து பின்விளக்கு வரைக்கும் ஒரே கோடாக வழிந்து இறங்கியது. இரண்டு வண்டி தள்ளி அதே கம்பெனியின் அதே காலத்துச் சாதாரண செடான், இ-கிளாஸ் நின்றது. இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றுதான் என்று படித்திருக்கிறேன். இ-கிளாஸைக் கடந்து போனேன். சிஎல்எஸ்ஸுக்காக லிஃப்ட் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

மனைவியிடம் படம் காட்டினேன். "அதே வண்டிதானே, யாரோ கூரைமேல் ஏறி உட்கார்ந்து அமுக்கிவிட்ட மாதிரி இருக்கிறது, இதற்கு எதற்குக் கூடுதல் காசு?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன். எனக்கு அதில் என்னதான் பிடித்திருக்கிறது? கூரை சாய்ந்திருப்பது அவ்வளவு பெரிய விஷயமா? வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் இருந்தால், வாங்கிய மூன்றாவது மாதம் என்ன ஆகும் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

கோட்டுக்காரன்:

உங்கள் மனைவி சொன்னது பாதி சரி. கூரையை அமுக்கியிருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அமுக்கியது மட்டும் என்றால் நீங்கள் லிஃப்ட்டிலிருந்து திரும்பி வந்திருக்க மாட்டீர்கள்.

நான் கார் வடிவமைப்பாளன் இல்லை, வேறு பொருள்களுக்கு வடிவம் வரைகிறவன், ஆனாலும் இந்த வண்டியை உட்கார்ந்து அளந்து பார்த்திருக்கிறேன். சாதாரண செடானின் பக்கவாட்டுப் படத்தை எடுத்துக் கூரைக்கோட்டை விரலால் தடவிப் பாருங்கள். முன்கண்ணாடியிலிருந்து ஏறும், ஓட்டுநர் தலைக்கு மேலே சமதளமாகும், பின்சீட்டுக்காரர் தலையைத் தாண்டும் வரைக்கும் அப்படியே போகும், அப்புறம்தான் படியிறங்குகிற மாதிரி டிக்கிக்கு இறங்கும். பானட், கேபின், டிக்கி என்று மூன்று பெட்டிகள். இப்போது சிஎல்எஸ் படத்தில் அதே விரலை வையுங்கள். ஓட்டுநர் தலைக்கு மேலேயே கோடு உச்சத்தைத் தொட்டுவிடும், அந்த இடத்திலிருந்து பின்விளக்கு வரை இறக்கம்தான். வளைத்துப் பிடித்த வில் மாதிரி ஒரே வீச்சு. விரல் எங்கேயும் தடுக்காது.

இரண்டாவது, கண்ணாடி. அந்தப் படத்தில் கதவின் இரும்பு எவ்வளவு உயரம், கண்ணாடி எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். சாதாரண செடானைவிடக் கண்ணாடியின் பங்கு நன்றாகக் குறைந்திருக்கும், இரும்பின் பங்கு ஏறியிருக்கும். ஆள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் முகத்துக்கு ஒரு தீவிரம் வருமே, அதேதான் இங்கேயும். கதவைத் திறந்தால் கண்ணாடியைச் சுற்றி பிரேம் கிடையாது, வெறும் கண்ணாடி மட்டும் நிற்கும். அது இரண்டு கதவு கூபேக்களின் பழைய அடையாளம், நான்கு கதவிலும் அதைக் கொண்டுவந்தார்கள்.

இதையெல்லாம் தாண்டி ஒரு தந்திரம் இருக்கிறது. வீல்பேஸைத் தொடவே இல்லை. முதல் சிஎல்எஸ்ஸுக்கும் அன்றைய இ-கிளாஸுக்கும் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரே 2854 மில்லிமீட்டர்தான். உயரத்தில் மட்டும் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் குறைத்து, மொத்த நீளத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். அதனால் வண்டி தரையோடு படுத்து நீண்டுகொண்டே போகிற மாதிரி கண்ணுக்குப் படுகிறது. மைக்கேல் ஃபிங்க் என்பவர் வரைந்த வடிவம். 2003 பிராங்க்பர்ட் கண்காட்சியில் விஷன் சிஎல்எஸ் என்று காட்டினார்கள், 2004-ல் ஏறக்குறைய அதே உருவத்தில் விற்பனைக்கு வந்துவிட்டது. கண்காட்சிக்கு வைத்த வடிவம் அவ்வளவு குறைந்த சேதாரத்தோடு சாலைக்கு வருவதெல்லாம் அபூர்வம்.

அப்புறம் உங்கள் முதல் கேள்வி. இரண்டு கதவு கூபே "எனக்குக் குடும்பம் கிடையாது, இருந்தாலும் அவர்கள் பஸ்ஸில் வருவார்கள்" என்று சொல்கிற வண்டி. செடான் "நான் எல்லாரையும் இறக்கிவிட்டுவிட்டு வருகிறேன்" என்கிறது. நான்கு கதவு கூபே மட்டும்தான் "ஓட்டுவது எனக்காக, நீங்களும் வேண்டுமானால் ஏறிக்கொள்ளுங்கள்" என்று சொல்கிறது. உங்களுக்குப் பிடித்தது இதுவாக இருக்கும் என்பது என் ஊகம். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எனக்கும் அதேதான் பிடித்தது.

பழையபஞ்சாங்கம்:

நான் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறாது. கூபே என்பது பிரெஞ்சு மொழியில் 'வெட்டு' என்ற வினையிலிருந்து வந்த சொல். குதிரை வண்டிக் காலத்தில் எதிரெதிரே இரண்டு இருக்கைகள் இருந்த வண்டியில் ஒரு பக்க இருக்கையை வெட்டி எறிந்துவிட்டுச் சின்னதாகச் செய்ததற்கு அந்தப் பெயர். காருக்கு வந்தபோது இரண்டு கதவு, தாழ்ந்த கூரை என்று ஆனது. அதில் நான்கு கதவை வைத்துவிட்டு இன்னும் கூபே என்றால், நாற்காலிக்கு முக்காலி என்று பெயர் வைப்பது போல. விற்கிறவன் என்ன பெயரும் வைக்கலாம், வாங்குகிறவன் கால்களை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

சரி, இப்போது நானே என் காலை வாரிக்கொள்கிறேன். இந்தப் பாவத்தை முதலில் செய்தது மெர்சிடஸ் இல்லை. 1962-லேயே பிரிட்டனின் ரோவர் கம்பெனி தன் பி5 செடானின் கூரையைச் சுமார் இரண்டரை அங்குலம் தாழ்த்தி, நான்கு கதவையும் அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு கூபே என்றே பெயர் போட்டு விற்றது. அதற்கும் முன்னால் 1955-ல் அமெரிக்காவில் பியூக்கும் ஓல்ட்ஸ்மொபைலும் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையே நடுத்தூண் இல்லாத நான்கு கதவு ஹார்ட்டாப்களைக் கொண்டுவந்தன, எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டால் முன்னிருந்து பின்வரை ஒரே திறப்பு. 1985-ல் டொயோட்டா கரீனா இடி என்று ஒன்றை ஜப்பானில் இறக்கியது. தாழ்ந்த கூரை, நடுத்தூண் கிடையாது, நான்கு கதவு. 'இடி' என்பதற்கு அவர்கள் சொன்ன விரிவு 'எக்ஸைட்டிங், டிரெஸ்ஸி'. நான் கிண்டல் செய்வதாக நினைக்காதீர்கள், நிஜமாகவே அதுதான்.

இன்னொரு இடி என் தலையில். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ-யின் அளவுமுறைப்படி, பின்பகுதி உள்ளிடம் 33 கன அடிக்குக் குறைவாக இருந்தால் அது கூபே, கூடினால் செடான். கதவை எண்ணவே இல்லை. இதைப் படித்த அன்று நான் வாதத்தில் தோற்றுவிட்டேன், இருந்தாலும் பழக்கதோஷத்தில் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறேன்.

பின்சீட்டுக்கைதி:

சாலைப்பித்தன் அண்ணா, உங்கள் பையன் சார்பில் பேசுகிறேன்.

என் அப்பா இந்த வகை வண்டி ஒன்றை ஆறு வருடம் வைத்திருந்தார். எந்த வண்டி என்று சொல்லவில்லை, வீட்டில் சண்டை வரும். நான் ஆறடி ஒரு அங்குலம். ஏறும்போது மற்ற வண்டிகளில் தலையைக் குனிந்தால் போதும், இதில் தலையைக் குனிந்து, கழுத்தையும் பக்கவாட்டில் சாய்த்து, முதலில் உட்கார்ந்து, அப்புறம் காலை இழுத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் கதவுக்கு மேலே இருக்கும் கூரை விளிம்பு பின்பக்கம் இறங்கிக்கொண்டே வரும், சரியாக நம் நெற்றி வரும் இடத்தில் அது தாழ்ந்திருக்கும். அவசரமாக ஏறிய ஒவ்வொரு முறையும் 'டொக்' என்று சத்தம் வரும், முன்னாலிருந்து அப்பா "பார்த்து, பார்த்து" என்பார். வண்டியைச் சொல்கிறாரா என்னைச் சொல்கிறாரா என்று ஆறு வருடமாகத் தெரியவில்லை.

உட்கார்ந்த பிறகு கால் வைக்க இடம் தாராளம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முடி கூரைத் துணியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். கண்ணாடி குறுகல், அதன் கீழ் விளிம்பு தோள் உயரத்தில் நிற்கும், என் தங்கைக்கு வெளியே ஒன்றும் தெரியாது, வளைவுச் சாலை வந்தால் அவளுக்குக் குமட்டல் வந்துவிடும். நடுவில் மூன்றாவது ஆள் உட்கார வழியே கிடையாது, அங்கே சாமான் வைக்கும் பெட்டி. சித்தப்பா வீட்டுக்கு வந்தால் ஒருத்தர் வாடகைக் காரில் வருவார்.

வெளியிலிருந்து பார்த்தால் அழகுதான். வெளியிலிருந்து நான் அதை எப்போதாவதுதான் பார்த்தேன்.

மூன்றாம்கியர்:

ஏழு வருடமாக வைத்திருக்கிறேன், இன்னும் கையில் இருக்கிறது. பிராண்ட் பெயர் வேண்டாம், இதில் சொல்வதில் பாதி எல்லா பிரேமில்லாக் கதவு வண்டிக்கும் பொருந்தும்.

முதலில் கதவு. பிரேம் இல்லாததால் கண்ணாடியின் மேல் விளிம்பு நேராகக் கூரையில் இருக்கும் ரப்பர் பீடிங்குக்குள் போய் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்த கண்ணாடியோடு கதவைத் திறந்தால் பீடிங் கிழியும். அதனால் கைப்பிடியை இழுத்தவுடன் கண்ணாடி சில மில்லிமீட்டர் தானாகக் கீழே இறங்கும், கதவைச் சாத்தியதும் மறுபடி மேலே ஏறி உட்காரும். முதல் வாரம் இதைப் பார்ப்பதற்காகவே வேலையில்லாமல் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். நான்காவது வருடம் பேட்டரி சோர்ந்துபோன ஒரு காலையில் கைப்பிடியை இழுத்தால் கண்ணாடி அசையவில்லை. அப்போது வலுக்கட்டாயமாக இழுக்கக்கூடாது, கையால் கண்ணாடியை மெல்ல வெளிப்பக்கம் நெகிழ்த்தி எடுக்க வேண்டும். எனக்கு அது அன்று தெரியாது. பீடிங் போனது.

அதற்குப் பிறகு நெடுஞ்சாலையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் இடது பின்கதவிலிருந்து சன்னமாக ஒரு விசில். ஒர்க்‌ஷாப்பில் மூன்று முறை விட்டேன். முதல் இரண்டு முறை "இந்த மாடலுக்கு அப்படித்தான் சார் இருக்கும்" என்றார்கள். மூன்றாவது முறை ஒரு வயதான மெக்கானிக் ஒரு தாளை எடுத்துக் கண்ணாடிக்கும் பீடிங்குக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி, தாளை உருவிப் பார்த்தார். மற்ற இடங்களில் தாள் இறுக்கமாக வந்தது, ஒரே ஒரு மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. கண்ணாடியின் சாய்வைக் கொஞ்சம் உள்ளே தள்ளி அமைத்தார், விசில் நின்றது. பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் நீங்களும் பையில் ஒரு தாள் கொண்டுபோங்கள், நான்கு கதவுக்கும் செய்து பாருங்கள். விற்பவர் முறைத்தால் முறைக்கட்டும். இதற்காகப் பயந்து ஓட வேண்டியதில்லை, சுபாரு சாதாரணக் குடும்ப செடான்களிலேயே பல வருடம் பிரேமில்லாக் கதவு வைத்திருந்தது.

பின்னால் பார்ப்பது பற்றிச் சொல்கிறேன். பின்கண்ணாடி ரொம்பவும் படுத்த மாதிரி சாய்ந்திருப்பதால் உள்கண்ணாடியில் தெரிவது தபால்பெட்டி வாய் அளவுதான். பின்னால் வருகிற வண்டியின் முகம் தெரியும், அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது. ரிவர்ஸ் கேமரா இல்லாத பழைய மாடலை எடுக்கவே எடுக்காதீர்கள்.

அம்மா முட்டிவலி என்றீர்கள். கூரையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், முன்சீட்டில் கூரை அவ்வளவு மோசமில்லை. பார்க்க வேண்டியது சீட்டின் உயரம். இந்த வண்டிகளில் கூரை தாழ்ந்ததை ஈடுகட்டச் சீட்டையும் தாழ்த்தியிருப்பார்கள். உட்காருவது எளிது, பொத்தென்று விழுந்தால் போதும். எழுந்திருக்கும்போதுதான் முட்டி பேசும். ஷோரூமில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடுவார்கள், நம்பாதீர்கள், ஐந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். சீட்டை முழுக்க மேலே ஏற்றி வைத்துவிட்டு.

டிக்கி விஷயத்தில் இந்த வண்டிகள் இரண்டு சாதி. சிஎல்எஸ் மாதிரி மூடி மட்டும் திறப்பவை ஒன்று, உள்ளே ஆழம் இருக்கும், ஆனால் வாய் சின்னது, பெரிய பெட்டி கோணலாக நுழையும். ஆடி ஏ7, போர்ஷே பனமெரா மாதிரி கண்ணாடியோடு சேர்ந்து முழுப் பின்பக்கமும் தூக்கிக்கொள்பவை இன்னொன்று. ஐந்து பேர் வீட்டுக்கு இரண்டாவது சாதிதான். எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை, மூடி வண்டியை வாங்கிவிட்டு மகளின் சைக்கிளைப் பிரித்துப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் விற்கவில்லை என்று கேட்பீர்கள். ஆபீஸ் பார்க்கிங்கில் லிஃப்ட்டுக்குப் பக்கத்திலேயே இடம் காலியாக இருந்தாலும் நான் அங்கே நிறுத்துவதில்லை. நாற்பதடி தள்ளி, தூணுக்கு இந்தப் பக்கம் நிறுத்துகிறேன். அங்கே நிறுத்தினால்தான் நடந்து போகும்போது முக்கால்வாசிப் பக்கவாட்டில் தெரியும். ஏழு வருடமாக இதைச் செய்கிறேன், இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சாலைப்பித்தன்:

மூன்றாம்கியர், அந்தக் கடைசிப் பத்தியை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "உன்னை மாதிரி இன்னொருத்தர் இருக்கிறார், பாவம் அவர் வீட்டுக்காரி" என்றாள். தாள் சோதனைக்கு நன்றி, அது எங்கேயும் படித்ததில்லை.

கைதித் தம்பி, உன் பதிவைப் பையனுக்குக் காட்டவில்லை. இன்னும் இல்லை.

பனமெரா, ஏ7, ரேப்பிட், பிஎம்டபிள்யூ கிரான் கூபே என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இவற்றில் பின்சீட்டை உண்மையிலேயே நினைத்துச் செய்தவை எவை?

கோட்டுக்காரன்:

பின்சீட்டை நினைத்து ஆரம்பித்தது பனமெராதான், அதற்கு அது கொடுத்த விலைதான் கதை. போர்ஷே 1980-களின் கடைசியில் 989 என்ற பெயரில் நான்கு கதவு வண்டி ஒன்றை உருவாக்கிப் பார்த்து, பாதியில் கைவிட்டது. அப்புறம் 2009-ல் ஷாங்காய் கண்காட்சியில் பனமெராவைக் காட்டியது. பின்னால் இரண்டு தனித்தனி சீட், உயரமான ஆளும் நிமிர்ந்து உட்காரலாம். அந்தத் தலைக்கு இடம் கொடுக்கப்போய்க் கூரை பின்பக்கம் கூன் விழுந்துவிட்டது. உள்ளே உட்கார்ந்தவர் பாராட்டினார், வெளியே நின்றவர் முகம் சுளித்தார். 2016-ல் வந்த இரண்டாம் தலைமுறையில் பின்சீட்டுக்கு மேலே கூரைக்கோட்டை 20 மில்லிமீட்டர் இறக்கினார்கள். வெறும் இரண்டு சென்டிமீட்டர், விரல் தடிமன் அவ்வளவுதான், கூன் போய்விட்டது. இரண்டு தலைமுறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அந்த இரண்டு சென்டிமீட்டருக்காக எத்தனை பேர் எத்தனை ராத்திரி சண்டை போட்டிருப்பார்கள் என்று தோன்றும்.

ஆஸ்டன் மார்ட்டின் ரேப்பிட் நேர் எதிர். 2010-லிருந்து 2020 வரை செய்தார்கள். வி12 எஞ்சின், நீண்ட பானட், கதவுகள் திறக்கும்போது லேசாக மேல்நோக்கிச் சாய்ந்து எழும். என் கண்ணுக்கு இந்தக் கூட்டத்திலேயே அழகி அதுதான். பின்கதவைத் திறந்தால் தெரிவது வாசல் இல்லை, பொந்து. அதில் பெரியவர்களை ஏற்றுவதெல்லாம் உறவை முறிக்க நினைப்பவர்கள் செய்யும் காரியம்.

பிஎம்டபிள்யூ 2012-ல் 6 சீரிஸ் கிரான் கூபே கொண்டுவந்தது, என்னைக் கேட்டால் அவர்கள் செய்ததில் அதுதான் சரியாக வந்தது. அப்புறம் அந்தப் பெயரைக் கீழே கீழே இறக்கி 2 சீரிஸ் வரைக்கும் கொண்டுபோனார்கள். சின்ன வண்டியில் இந்தக் கூரை எடுபடாது, அதை மட்டும் மனதில் வையுங்கள். சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே நீளம் இருந்தால்தான் வில் வில்லாகத் தெரியும், இல்லாவிட்டால் முதுகில் தட்டின மாதிரி இருக்கும்.

வாட்கணக்கு:

எல்லாரும் அழகைப் பற்றியே பேசுகிறீர்கள். காற்றைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே. கூரை பின்னால் மெதுவாக இறங்கினால் காற்று அதை ஒட்டியே போகும், சட்டென்று பிய்த்துக்கொண்டு சுழல் போடாது, பின்னாலிருந்து இழுக்கும் விசை குறையும். 2013-ல் வந்த மெர்சிடஸ் சிஎல்ஏ-வின் காற்றுத்தடை எண் (குறையக் குறைய நல்லது) 0.23, அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். மின்சார வண்டியில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் காற்றைக் கிழிக்கச் செலவாகும் ஒவ்வொரு வாட்டும் போகும் தூரத்தில் கழியும். டெஸ்லா மாடல் எஸ் முதலில் வந்தபோது 0.24. 2021-ல் வந்த மெர்சிடஸின் மின்சார வண்டி இக்யூஎஸ் 0.20. பெயரில் கூபே என்று இல்லாவிட்டாலும் இவற்றின் கூரையை விரலால் தடவிப் பாருங்கள், கோட்டுக்காரன் சொன்ன அதே வில்தான்.

ஆனால் பின்சீட்டுக்காரனுக்கு இங்கே இரட்டை அடி. கூரை மேலேயிருந்து இறங்குகிறது, தரைக்கு அடியில் பேட்டரி இருப்பதால் தரை கீழேயிருந்து ஏறுகிறது. நடுவில் மாட்டியவன் முட்டியை நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். போர்ஷேயின் மின்சார வண்டி டைக்கானில் இதற்கு ஒரு வேலை செய்தார்கள், பின்சீட்டுக்காரரின் பாதம் வருகிற இடத்தில் பேட்டரியில் பள்ளம் விட்டார்கள். அதற்கு 'கால் கராஜ்' என்கிற அர்த்தத்தில் ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். ஒரு மனிதனின் பாதத்துக்காகப் பேட்டரியின் வடிவத்தையே மாற்றியிருக்கிறார்கள் என்றால் பிரச்சினை எவ்வளவு நிஜம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இந்த வகைக்கே வயதாகிவிட்டது. சிஎல்எஸ் உற்பத்தி 2023-ல் நின்றுவிட்டது. இன்றைக்குச் சாதாரண செடானுக்கும் அந்தச் சாய்வு இருக்கிறது, பிஎம்டபிள்யூ எக்ஸ்6 வந்த 2008-லிருந்து எஸ்யூவிக்கும் அதே சாய்வு. எல்லாரும் போட்டுக்கொண்ட சட்டையை இப்போது தனியாக எதற்கு வாங்க வேண்டும்?

மூன்றாம்கியர்:

வாட்கணக்கு, எஸ்யூவிக் கூரையைச் சாய்ப்பதும் இதுவும் ஒன்றா? ஆளுயரத்துக்கு நிற்கும் வண்டியின் முதுகைச் சீவினால் சீவின மாதிரிதான் தெரியும். மற்றதெல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

சாலைப்பித்தன்:

சனிக்கிழமை எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பழைய வண்டி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். ஐந்து சீட், பின்பக்கம் முழுக்கத் தூக்கிக்கொள்ளும் வகை. எது என்று வாங்கினால் சொல்கிறேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தாள் சோதனை செய்தேன். மூன்று கதவு சரி, ஓட்டுநர் கதவில் பின்மூலை வழுக்கியது. விற்பவர் "என்ன சார் செய்கிறீர்கள்?" என்றார், நான் ரொம்பத் தெரிந்த மாதிரி தலையை ஆட்டினேன், அவராகவே அதைச் சரிசெய்து தருகிறேன் என்றார். இந்தத் திரிக்கு அந்த ஒன்றே போதும்.

அம்மாவை ஐந்து முறை ஏறி இறங்கச் சொன்னேன். மூன்றாவது முறையே "எனக்கென்ன பரீட்சையா வைக்கிறாய்?" என்று திட்டினாள். சீட்டை மேலே ஏற்றியதும் பரவாயில்லை, ஆனால் கதவின் மேல் விளிம்பைப் பிடித்து எழ முடியவில்லை, அங்கே பிரேம் இல்லை, கண்ணாடிதான் இருக்கிறது. இது எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டு வண்டியில் அம்மா இத்தனை வருடமும் கதவின் பிரேமைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள், நான் கவனித்ததில்லை. கூரையோரம் உள்பக்கம் இருக்கும் கைப்பிடியைக் காட்டிக் கொடுத்தேன். அதைப் பிடித்து எழுந்தாள், இரண்டு முறை. பழகினால் வரும் என்கிறாள், முகம் அப்படிச் சொல்லவில்லை.

மகள் பின்சீட்டுக்குள் போய் "கூடாரம் மாதிரி இருக்கிறது" என்று சந்தோஷப்பட்டாள். பையனுக்குத் தலை கூரையைத் தொட்டது, அழுத்தவில்லை, தொட்டது. இன்னும் இரண்டு அங்குலம் வளர்வான். கைதித் தம்பியின் பதிவை அப்போதுதான் காட்டினேன். படித்துவிட்டு அவன் கேட்டது ஒன்றுதான்: "எனக்குப் பதினெட்டு வயசாகும்போது இந்த வண்டி இருக்குமா?" இருக்கும் என்றேன். "அப்போ நான்கு வருஷம் குனிஞ்சுக்கறேன், வாங்குங்க."

மனைவி ஓட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் "பின்னால் என்ன இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்" என்றாள். கேமரா இருந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை, திரும்பித்தான் பார்ப்பாள். இந்த வாரம் இன்னொரு முறை, ராத்திரியில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறாள். அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அம்மா விஷயம்தான் இன்னும் உறுத்துகிறது. கதவுப் பக்கம் பிடித்து எழுவதற்குக் கொக்கியில் மாட்டுகிற தனிக் கைப்பிடி ஏதோ கிடைக்கிறது என்கிறார்கள், பிரேமில்லாக் கதவு வண்டியில் யாராவது பயன்படுத்தியிருந்தால் சொல்லுங்கள்.

பின்சீட்டுக்கைதி:

அண்ணா, அது கதவு பூட்டு வந்து மாட்டும் வளையத்தில் செருகுவது. அந்த வளையம் வண்டியின் உடம்பில், தூணில் இருக்கிறது, பிரேமுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. என் பாட்டி பயன்படுத்துகிறார். வாங்கும் முன் உங்கள் வண்டி வளையத்தில் அது உட்காருகிறதா என்று மட்டும் செருகிப் பார்த்துவிடுங்கள். எடுக்காமல் கதவைச் சாத்திவிடாதீர்கள், நான் ஒருமுறை சாத்தப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உங்கள் பையனுக்கு என் அனுதாபங்கள். புத்திசாலிதான்.

பழையபஞ்சாங்கம்:

முக்காலி வாங்கியதும் படம் போடவும். முக்கால்வாசிப் பக்கவாட்டில்.